கடைசி எழுத்து

ஏப்ரல் 2, புதன்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரிக்கிறேன். நானாகப் பிரிக்கவில்லை, யாகூப் பாயின் தொல்லை. "எந்த வண்டிக்கு என்ன வேலைன்னு எழுதி வெச்சுருங்க நஞ்சண்ணா. நான் ஒண்ணு சொல்றேன், நீங்க ஒண்ணு செய்யறீங்க" என்கிறார். மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டில் இந்த ஒர்க்‌ஷாப்பை நாங்கள் இருவரும் கூட்டாக நடத்தத் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்ஜின் என் பொறுப்பு. வயரிங்கும் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலையும் அவர் பொறுப்பு. இத்தனை காலம் எதையும் எழுதி வைத்ததில்லை. என் ஞாபகத்தில் பழுது ஒன்றும் இல்லை. பாய்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்.

சீசன் தொடங்கிவிட்டது. சமவெளியில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே மலை ஏறுகிறார்கள். பிளேட் தேய்ந்து தேய்ந்து கருகிவிடுகிறது. இன்று மட்டும் இரண்டு வண்டி. இரண்டும் கயிறு கட்டி இழுத்து வந்தவை.

ஏப்ரல் 5, சனி

வெள்ளை டாக்ஸி ஒன்று. ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறதாம். பானட்டைத் திறந்து ஓட விட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. டாக்ஸி ஸ்டாண்டு மருதாசலத்தின் வண்டி அது. "இப்பக் கூட கத்துது பாருங்ண்ணா" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் காலத்து டிரைவர்களுக்கு வண்டி மேல் வியாதியைக் கற்பனை செய்வது ஒரு பழக்கமாகிவிட்டது. போய்ட்டு வா என்று அனுப்பினேன். நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் திரும்பி வந்திருக்கிறான். பாய் ஃபேன் பெல்ட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பழைய பெல்ட் கண்ணாடி போலப் பளபளத்தது. பளபளத்தால் வழுக்கும், வழுக்கினால் கத்தும். நியாயம்தான். ஆனால் நான் கேட்டபோது கத்தவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடைக்குத் தாமதம். வீட்டில் குக்கர் கெட்டுப்போய்விட்டது. மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். அடுப்பின் முன்னாலேயே நின்றேன். விசில் வரவே இல்லை. பருப்பு தீய்ந்த பிறகுதான் மேலிருந்து ஓடி வந்தாள். "ஏனுங்க, ஏழு விசில் எனக்கு மாடிக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கலீங்களா?" என்றாள். அவளுக்கு எப்போதும் கூட்டிச் சொல்கிற பழக்கம். பாத்திரக் கடைக்குப் போய்ப் புது வெயிட்டும் கேஸ்கட்டும் வாங்கி மாட்டினேன். மெக்கானிக் வீட்டில் குக்கர் கெட்டுக் கிடந்தால் வெளியில் சொல்ல முடியுமா?

ஏப்ரல் 9, புதன்

சுகந்தி சிஸ்டரின் சிவப்புக் கார் வந்தது. கோத்தகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரமடையிலிருந்து தினமும் தானே ஓட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவர். "ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்துதுங்கண்ணா, வண்டி நகர மாட்டேங்குது" என்றார். வேறென்ன, கிளட்ச் பிளேட்தான். நான்கு வருடம் உழைத்திருக்கிறது. சிஸ்டரிடம் எனக்குப் பிடித்த விஷயம், முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசுவார். ஒரு வார்த்தை விட்டுப் போகாது. மற்றவர்கள் எல்லாம் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினால் யாருக்குப் புரியும்?

மதியம் ஒரு ஜீப்பின் இன்ஜினில் தட்டும் சத்தம். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். மூன்றாவது சிலிண்டர், அடியில், பேரிங். பிரித்துப் பார்த்தால் நான் சொன்னபடியே இருந்தது. இதைப் பாயிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சிஸ்டர் வண்டியில் கியர்பாக்ஸை இறக்கியாச்சு. கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டுமானால் ஆயிலை வடித்துவிட்டு கியர்பாக்ஸைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். பழைய ஆயில் கறுப்பாக இருந்தது, கொட்டிவிட்டோம். கேஸிங்கைத் துடைத்து வைத்தார் பாய். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. நாளை மாட்ட வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் சிஸ்டர் வண்டிக்கு கியர்பாக்ஸ் ஏற்றினோம். மதியம் இரண்டரைக்கு அவருக்கு டியூட்டி. பன்னிரண்டரைக்குப் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். நான் கம்ப்ரசரை ஓட விட்டு வேறொரு வண்டியின் ஏர் ஃபில்டரை ஊதிக்கொண்டிருந்தேன். கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டே, கியர் ஆயில் ஊத்தினதாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். வழக்கமாக லெவல் துளையில் விரல் விட்டு ஆயில் தட்டுகிறதா என்று பார்ப்பேன். பாய் ஊற்றினால் பார்ப்பதில்லை.

சிஸ்டர் ஒரு மணிக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்துவிட்டார். ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தேன், கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஒரு சத்தம் இல்லை. வண்டியைக் கொடுத்தாச்சு.

வண்டியின் முன் சக்கரத்தை ஒட்டி ஒரு கியர் ஆயில் டின் வழியில் கிடந்தது. எடுத்து ரேக்கில் வைத்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் வழக்கம் பாய்க்குக் கிடையாது.

இரண்டு மணிக்குச் சிஸ்டர் மலையிலிருந்து போன் செய்தார். சிக்னல் சுத்தமாக இல்லை. ஏதோ சத்தம் என்றார், குறைந்துவிட்டது, ஓட்டலாமா என்றார். குறைந்த பிறகு என்ன கேள்வி. "ஓட்டுங்க சிஸ்டர்" என்றேன்.

ஏப்ரல் 12, சனி

நேற்று ஒரு கொண்டை ஊசி வளைவில் சிஸ்டரின் கியர்பாக்ஸ் இறுகிவிட்டது. முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே நின்றிருக்கிறது. பின்னால் வந்த காய்கறி வேன் மோதியிருக்கிறது. சிஸ்டருக்கு இடது மணிக்கட்டு முறிவு. தடுப்புச் சுவரின் மேல் கார் சாய்ந்து நின்றதாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டியதில்லை.

காலையில் வண்டியை இழுத்து வந்தார்கள். கூடவே சிஸ்டரின் வீட்டுக்காரர் பிரகாசம். கியர்பாக்ஸைத் திறந்தோம். உள்ளே சொட்டு ஆயில் இல்லை. பல் சக்கரங்கள் சூடேறி நீலம் பூத்திருந்தன. ரேக்கில் இருந்த டின்னைப் பாய் எடுத்துப் பார்த்தார். சீல் உடையவில்லை.

"ஊத்துனேன்னு சொல்லீட்டுத்தான பாய் போனீங்க?" என்று கேட்டேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். பிரகாசத்தைப் பார்த்தார். திரும்பவும் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "மறந்துட்டேன்."

பத்தொன்பது வருடத்தில் அவர் செய்த முதல் தப்பு. அதுவும் இப்படிப்பட்ட தப்பு. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. புது கியர் செட் போட்டு வண்டியைச் சரிசெய்து தருவதாகப் பிரகாசத்திடம் நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கடை விடுமுறை. பழம் வாங்கிக்கொண்டு நானும் பாயும் காரமடை போனோம். சிஸ்டர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பிரகாசம் எங்களை உட்காரச் சொல்லவில்லை. பாயைப் பார்த்து விரலை நீட்டிப் பேசினார். "ஆயில் ஊத்துனமா இல்லையான்னு கூடத் தெரியாத ஆளெல்லாம் எதுக்குய்யா ஸ்பேனர் புடிக்கிறீங்க?" அந்த ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. மற்றவை வேகமாகப் போய்விட்டன. பாய் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வழியில் இருவரும் பேசவில்லை. ஒருவேளை அவர் பேசியிருக்கலாம். பைக்கில் போகும்போது பின்னால் இருப்பவர் பேசுவது கேட்காது.

ஏப்ரல் 17, வியாழன்

செய்தி டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. மருதாசலம் பிரேக் வேலைக்கு வந்தவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாய் கை வெக்க வேண்டாம்ங்ண்ணா, நீங்களே பாருங்க. மலைக்குப் போற வண்டி" என்றான். ஓரமாகச் சொன்னானே தவிர, சத்தமாகத்தான் சொன்னான். இப்போதெல்லாம் எல்லோரும் என்னிடம் சத்தமாகத்தான் பேசுகிறார்கள். பாய்க்குக் கேட்டுவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகிறவர் போல எழுந்து போனார்.

மதியத்துக்கு மேல் அவருடைய ஸ்பேனர்களைத் துடைத்து, அளவு வாரியாகத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். அன்னூரில் மச்சான் கடை என்பது மட்டும் விழுந்தது. மாத முடிவில் அங்கே போகிறாராம் என்று தெய்வாத்தாள் பிறகு சொன்னாள். பாயின் வீட்டுக்காரம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார். நல்லது, போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

தனியாகக் காரமடை போனேன். கியர் செட் வரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லத்தான் போனேன்.

சிஸ்டர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரகாசமும் இருந்தார். சிஸ்டர் கோபப்படவில்லை. முகத்துக்கு நேராக, எப்போதும்போல நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, ஆயில் ஊத்த மறந்தது பாய். செரி. சத்தம் கொறையலைன்னு போன் பண்ணிக் கேட்டனே, எதுக்கு ஓட்டுங்கன்னு சொன்னீங்க?"

"கொறைஞ்சிருச்சுன்னுதானே சிஸ்டர் சொன்னீங்க?"

அவருடைய போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகுமாம். எடுத்துப் போட்டார். அவர் குரல், பின்னால் ஏதோ இரைச்சல், பிறகு என் குரல்: ஓட்டுங்க சிஸ்டர். மூன்று முறை போட்டார். பிரகாசம் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தார். "கொறையலைன்னு எவ்ளோ தெளிவா கேக்குது" என்றார். எனக்குக் 'கொறை' வரைக்கும் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, பல் இல்லாத சக்கரம் சுற்றுவது போல.

சிஸ்டர் எழுந்து என் பின்னால் போய் நின்றார். "திரும்பாதீங்க. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க." நான் கிளட்ச்சை மிதித்தும் விட்டும் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்பேனே, அதே மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தார். வந்துது, வரல. ஓடுது, ஓடல. ஊத்துன, ஊத்தல. பத்துச் சொல்லில் நான்குதான் சரியாகச் சொன்னேன். அதுவும் குருட்டாம்போக்கில்.

முன்னால் வந்து உட்கார்ந்தார். "எத்தனை நாளா இப்படி?"

"எனக்கு நல்லாக் கேக்குமுங்க. இன்ஜின் சத்தமெல்லாம் கேக்குது."

"தடதடன்னு வர்றது கேக்கும். மெல்லிசா வர்றது கேக்காது. வார்த்தையோட முடிவு எல்லாமே மெல்லிசுதானுங்கண்ணா."

தமிழில் 'இல்லை' என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். முன்பாதி எல்லாம் ஒன்றுதான். ஊற்றியதும் ஊற்றாததும் கடைசி எழுத்தில்தான் பிரிகின்றன. எனக்கு அந்தக் கடைசி எழுத்து வந்து சேர்வதே இல்லை. வராத இடத்தை நானே நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறையாவது 'இல்லை' என்று நிரப்பினேனா? வேலை முடிந்தது, சத்தம் குறைந்தது, ஆயில் ஊற்றியாச்சு. எனக்கு வசதியாகவே நிரப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

குக்கரில் பழைய வெயிட்டையே மாட்டினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் கம்ப்ரசரை ஓட விடவில்லை. பாயை எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன்.

"அன்னைக்குப் போகும்போது என்ன சொன்னீங்க?"

வேஸ்ட் துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க பாய்."

"கியர் ஆயில் ஊத்தல, ஊத்தீட்டு வண்டியக் குடுங்கன்னு சொன்னேன். டின்னையும் சக்கரத்துக்கிட்ட வெச்சுட்டுத்தான் போனேன்."

"அப்புறம் எதுக்கு மறந்துட்டேன்னீங்க?"

"நீங்க தலையாட்டுனீங்க. அதைப் பார்த்துத்தான் போனேன்." கையிலிருந்த வேஸ்ட் துணியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு அந்தாள் முன்னாடி உங்க மூஞ்சியப் பார்த்தேன். நீங்க பொய் சொல்லல. நெசமாவே ஊத்துனதாத்தான் நெனைச்சுட்டு நிக்கறீங்க. நான் என்ன சொல்றது? எங்கண்ணனுக்குக் காது கேக்காதுங்கன்னா? மறதிக்காரன் எங்க போனாலும் பொழைச்சுக்குவேன். காது கேக்காத இன்ஜின் மெக்கானிக்குக்கு எவன் வண்டி குடுப்பான்?"

ஊரில் கெட்ட பெயரை வாங்கிக்கொண்டு, பெட்டியும் கட்டியது இதற்குத்தான். வெட்கமாக இருந்தது. மெக்கானிக்காக வந்த வெட்கம் கொஞ்சம், மனிதனாக வந்தது நிறைய.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"ரெண்டு வருசமா. டைரி எழுதச் சொன்னது எதுக்குன்னு நெனைச்சீங்க?" பிறகு, "என் மேலயும் தப்பு இருக்குதுங்ண்ணா. தெரிஞ்சிருந்தும் கம்ப்ரசர் ஓடும்போது வாசல் கேட்டுல நின்னு சொல்லீட்டுப் போயிட்டேன். தொழுகைக்கு நேரமாச்சுன்னு. கிட்ட வந்து சொல்லியிருக்கோணும்" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் எல்லோரும் இருப்பார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். ராத்திரி படுத்துக்கொண்டே மனதில் பெரிய பேச்சு ஒன்று தயார் செய்திருந்தேன். அங்கே போனதும் இரண்டு வரிதான் வந்தது.

"ஆயில் ஊத்தலைன்னு பாய் சொல்லீட்டுத்தான் போனாரு. எனக்குத்தான் காது கேக்கல."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். அந்தச் சொல்லும் அதே எழுத்தில்தான் முடிகிறது. அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

மருதாசலம் ஏதோ சொன்னான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை. "நீ என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கல மருதாசலம். இங்க வந்து சொல்லு" என்றேன்.

எழுந்து பக்கத்தில் வந்தான். "பெல்ட் கத்துனப்பவே தெரியுமுங்ண்ணா" என்றான். "நான் யார்கிட்டயும் சொல்லல."

அங்கிருந்து காரமடைக்குப் போனேன். பிரகாசத்திடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். பாயின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்று வண்டி வர வேண்டியது, ஒன்றுதான் வந்தது. எதிர்பார்த்ததுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

கோயமுத்தூரில் காது டெஸ்ட். சின்ன அறை, ஹெட்போன், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் கம்ப்ரசரும் சுத்தியலும் பக்கத்திலேயே இரைந்ததன் பலன் என்றார் டாக்டர். போனது போனதுதான், காதில் மெஷின் வைத்தால் மிச்சம் இருப்பது உதவும் என்றார். கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் அவர்களுடைய கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அப்போது அவர்கள் முகம் போன போக்கு இப்போது புரிகிறது.

மெஷின் வர இரண்டு வாரம் ஆகும்.

மே 3, சனி

பாயின் தகரப் பெட்டி இன்னும் மூலையில் மூடியபடியே இருக்கிறது. மாத முடிவு தாண்டி மூன்று நாள் ஆகிவிட்டது. போகவும் இல்லை, போக மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. காலையில் பெட்டியிலிருந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் எடுத்துக்கொண்டு சிஸ்டர் வண்டிக்கு அடியில் போனார்.

புது கியர் செட்டோடு கியர்பாக்ஸை ஏற்றியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பிரகாசம் வண்டி எடுக்க வந்தார். கூடவே சிஸ்டரும், கையில் இன்னும் கட்டு. நான் பானட்டை மூடிக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து பாய் ஏதோ சொன்னார்.

"ஆச்சுங்களா?" என்று பிரகாசம் கேட்டார்.

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

சட்டையோடு தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, டார்ச்சைப் பாயின் முகத்தில் அடித்தேன். கண் கூசிச் சிரித்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க பாய்."

"இன்னும் ஊத்தல" என்றார். கடைசி எழுத்துக்கு நாக்கு மேலே போய் ஒட்டி இறங்குவது வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன். "இன்னும் ஊத்தலைங்க" என்று அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு, டின்னின் சீலை உடைத்துப் பாயிடம் நீட்டினேன்.